"மிஸ், அவன் ஏன் அப்படி நடக்கிறான்?" - வகுப்பறையில் எழும் கேள்விக்கு ஆசிரியர்கள் தயாரா?

2024 ஆகஸ்ட் மாத இறுதி. சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் மாணவிகளுக்கான தன்னம்பிக்கைப் பேச்சு என்று ஒரு நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. பேச வந்தவர் முற்பிறவி, பாவ புண்ணியம் என்று போனார். ஒருவர் பார்வையில்லாமலோ, கை கால் குறைபாட்டோடோ பிறப்பதற்குப் போன ஜென்மத்து வினையே காரணம் என்கிற தொனியில் அவர் பேச, அங்கிருந்த தமிழாசிரியர் ஒருவர் குறுக்கிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார். அந்த ஆசிரியர், பார்வை மாற்றுத்திறனாளி.

வீடியோ பரவியது. செப்டம்பர் முதல் வாரத்தில் தமிழகமே அதைப் பற்றிப் பேசியது. பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி அந்தப் பள்ளிக்கே வந்து, கேள்வி கேட்ட ஆசிரியரைப் பாராட்டினார். பேச்சாளர் செப்டம்பர் 7-ம் தேதி கைது செய்யப்பட்டார். பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் புதிய வழிகாட்டு நெறிமுறைகள் வகுக்கப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

சர்ச்சை அத்தோடு ஓய்ந்தது. ஆனால், ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அன்று அந்தத் தமிழாசிரியர் விடுப்பில் இருந்திருந்தால்? மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், அவர் சொன்னது நிஜமா?" என்று கேட்டிருந்தால், எத்தனை ஆசிரியர்களிடம் தெளிவான பதில் தயாராக இருந்திருக்கும்?

தினமும் எழும் கேள்வி

இந்தக் கேள்விக்கு மேடையும் மைக்கும் தேவையில்லை. காலிபர் மாட்டிய மாணவன் புதிதாகச் சேர்ந்த அன்றே வந்துவிடும். "அவன் ஏன் அப்படி நடக்கிறான்?", "அவ காதுல என்ன மெஷின்?", "அவனுக்கு மட்டும் ஏன் பரீட்சையில கூடுதல் நேரம்?", "அது நமக்கும் ஒட்டிக்குமா?" எனக் குழந்தைகள் ஒளிவுமறைவில்லாமல் கேட்பார்கள்.

பல நேரங்களில் கிடைக்கும் பதில்கள் மூன்றே. "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது." "பாவம்டா, விட்டுடு." "உன் வேலையைப் பாரு."

மூன்றிலுமே கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தப் பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்ற அக்கறையில்தான் ஆசிரியர் அப்படிச் சொல்கிறார். ஆனால், வகுப்பு கற்றுக்கொள்வது வேறு. முதல் பதிலிலிருந்து, 'இது பேசக் கூடாத, வெட்கப்பட வேண்டிய விஷயம்' என்று புரிந்துகொள்கிறது. இரண்டாவதிலிருந்து, 'அவன் நம்மைவிட ஒரு படி கீழே' என்று எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது பதில் அந்தக் கேள்வியைக் கழிவறைச் சுவருக்கும், பள்ளி வேனின் பின் சீட்டுக்கும், வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பிவிடுகிறது. பட்டப்பெயர்கள் பிறப்பது அங்கேதான்.

அந்த ஒரு நிமிடத்தில் ஆசிரியர் சொல்வதோ, சொல்லாமல் விடுவதோதான் அந்த வகுப்பின் முதல் பாடம். கணக்குக்கும் அறிவியலுக்கும் பாடக்குறிப்பு எழுதிவிட்டு வகுப்புக்குப் போகும் ஆசிரியர், இந்தப் பாடத்துக்கு மட்டும் தயாரிப்பே இல்லாமல் நிற்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அப்போது நடைமுறையில் இருந்த 1995-ம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக விரிவுபடுத்தியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, குள்ளத்தன்மை, தலசீமியா, ஹீமோபிலியா, அமில வீச்சால் பாதிக்கப்பட்டோர் என்று பட்டியல் நீள்கிறது. பார்த்த மாத்திரத்தில் தெரியாத குறைபாடுகளும் இதில் நிறைய. எனவே, 'என் வகுப்பில் அப்படி யாரும் இல்லை' என்று எந்த ஆசிரியரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

குழந்தையைப் பள்ளியில் சேர்த்தால் போதும் என்று இந்தச் சட்டம் நின்றுவிடவில்லை. மாற்றுத்திறன் என்பது மனித வாழ்வின் ஒரு நிலை என்பதையும், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளையும் பள்ளி, கல்லூரி, தொழிற்பயிற்சி என எல்லா நிலைகளிலும் எடுத்துச் சொல்ல வேண்டும். பாடத்திட்டத்திலும் சேர்க்க வேண்டும் என்கிறது பிரிவு 39. ஆசிரியர்களை உருவாக்கும் படிப்புகளில் மாற்றுத்திறன் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 47. பொதுவெளியில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டுகள் வரை சிறை, அபராதம் என்கிறது பிரிவு 92.

அதாவது, மாற்றுத்திறன் பற்றி வகுப்பில் பேசுவதென்பது ஆசிரியர் மனமிருந்தால் செய்யும் நல்ல காரியம் அல்ல. சட்டம் எதிர்பார்க்கும் கடமை.

பயிற்சி இருக்கிறது, ஒத்திகை இல்லை

ஆசிரியர்களுக்கு எதுவுமே சொல்லித் தரப்படவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளாக மாறியபோது, எல்லோரையும் உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குவது பற்றிய தாள் சேர்க்கப்பட்டது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், வட்டார வள மையங்களிலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்கு வருகிறார்கள். வகுப்பாசிரியரே குழந்தைகளின் அறிகுறிகளைக் கவனித்துப் பதிவுசெய்ய தேசிய அளவில் என்.சி.இ.ஆர்.டி-யின் 'பிரஷாஸ்த்' செயலி, தமிழ்நாட்டில் 'நலம் நாடி' செயலி ஆகியவை இருக்கின்றன.

இவையெல்லாம் தேவைதான். ஆனால், பயிற்சிகளில் அதிகம் இடம்பெறுவது வகைகள், அறிகுறிகள், படிவங்கள், சலுகைகள். 40 பிள்ளைகள் முன்னால் நின்று, அந்தப் பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருக்க, எந்த வார்த்தையில் எப்படிப் பேசுவது என்கிற ஒத்திகைக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. கண்டறியச் சொல்லித் தருகிறோம். பேசச் சொல்லித் தருவதில்லை.

'அதுக்குத்தான் ஸ்பெஷல் டீச்சர் வர்றாங்களே' என்று விட்டுவிடவும் வழியில்லை. தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. நடைமுறையில் ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு மாறி மாறிப் போகிறார். திங்கட்கிழமை காலை மூன்றாம் பீரியடில் கேள்வி வரும்போது வகுப்பில் நிற்பது கணக்கு ஆசிரியர்தான்.

டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று உறுதிமொழி எடுத்து, போட்டி நடத்தி, போட்டோ எடுப்பதோடு முடித்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. அந்த ஒரு நாள் பேச்சைவிட, மற்ற நாள்களில் கேள்வி வந்தபோது கிடைத்த பதில்தான் பிள்ளைகள் மனதில் நிற்கும்.

முதலில் வார்த்தைகள்

தயாரிப்பு சொற்களிலிருந்து தொடங்க வேண்டும். தமிழில் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லின் இடத்தில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை, முதல்வராக இருந்த மு.கருணாநிதி அரசு வழக்கிற்குக் கொண்டுவந்தார். அரசாணை, பேருந்து இருக்கை, செய்தித்தாள் என எல்லா இடத்திலும் அது நிலைத்துவிட்டது. ஆனால், விளையாட்டு மைதானத்தில் இன்னமும் 'நொண்டி', 'செவிடு', 'திக்குவாய்', 'சோடாபுட்டி', 'லூசு', 'மெண்டல்'தான்.

இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 'நொண்டிச் சாக்கு', 'குருட்டு அதிர்ஷ்டம்', 'குருட்டாம்போக்கு' என்று பெரியவர்களே பேசுகிறோம். தமிழ் இலக்கணப் பயிற்சியில் உவமைத் தொடர் என்று 'செவிடன் காதில் ஊதிய சங்கு போல' வருகிறது. செவித்திறன் குறைபாடுள்ள மாணவி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் அந்தத் தொடரை வாக்கியத்தில் அமைக்கிறார்கள்.

அதற்காகப் பழமொழிகளை எல்லாம் அழித்துவிட முடியாது. ஆனால், தமிழாசிரியர் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். "இது பழைய காலத்தில் உருவான தொடர். காது கேட்காதவருக்குச் சொன்னால் புரியாது என்ற தவறான நினைப்பு இதில் இருக்கிறது. சைகை மொழியில் சொன்னால் அவருக்குப் புரியும். இதே பொருளுக்கு வேறு தொடர் யாருக்குத் தெரியும்?" என்று கேட்கலாம். 'விழலுக்கு இறைத்த நீர்' என்று யாராவது ஒரு மாணவி நிச்சயம் சொல்வாள்.

சினிமா இன்னொரு பெரிய பள்ளிக்கூடம். திக்கிப் பேசுவதையும், காது கேட்காததையும் காமெடியாக்கிய காட்சிகள் இன்றும் மீம்களாகச் சுற்றுகின்றன. 2024 ஜூலையில் ஒரு திரைப்பட வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாகப் பேசியது. மாற்றுத்திறனைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, மாற்றுத்திறனாளிகளைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. எட்டாம் வகுப்புக்கு மேல் இருக்கும் மாணவர்களிடம், "நீங்கள் பார்த்த காமெடி இதில் எந்த ரகம்?" என்று கேட்டாலே போதும். பாதிப் பாடத்தை அவர்களே நடத்திவிடுவார்கள்.

இன்னொரு பக்கம், 'தெய்வக் குழந்தை', 'கடவுளின் பிள்ளை' போன்ற சொற்கள். அன்பில் சொல்லப்படுபவைதான். ஆனால், தெய்வமாக்கப்பட்ட குழந்தையை யாரும் கபடிக்குக் கூப்பிட மாட்டார்கள். இந்தியில் 'திவ்யாங்' என்ற சொல் முன்வைக்கப்பட்டபோது, மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல எதிர்ப்புத் தெரிவித்ததற்கும் இதுவே காரணம். எளிய வழி, அந்தப் பிள்ளையை அவன் பெயரால் அழைப்பது. நிலையைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும், 'பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்', 'சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்' என்று உள்ளதை உள்ளபடி சொல்வது.

கேள்விகளும் பதில்களும்

வகுப்பில் அடிக்கடி எழும் கேள்விகள் சிலவும், ஆசிரியர்கள் தங்கள் நடையில் மாற்றிச் சொல்லக்கூடிய பதில்களும் இங்கே...

"அவன் ஏன் அப்படி நடக்கிறான்?"
"அவன் காலுக்கு மூளையிலிருந்து போகும் தகவல் கொஞ்சம் வேறு மாதிரிப் போகிறது. அதனால் அவன் நடை வேறு மாதிரி இருக்கிறது. அவனுக்கு நடக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்." மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை பற்றிய பதில் இது. இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும். மருத்துவ விளக்கம் வேண்டாம். குரலைத் தாழ்த்தி ரகசியம் போலவும் சொல்ல வேண்டாம். மழை ஏன் பெய்கிறது என்று சொல்லும் அதே குரலில் சொல்லலாம்.

"அது ஒட்டிக்குமா?"
சிறு பிள்ளைகளிடம் பயத்தில் பிறக்கும் கேள்வி. "இல்லை. அவளோடு உட்காரலாம், சாப்பிடலாம், விளையாடலாம்" என்று நேராகச் சொல்ல வேண்டும். சத்துணவு நேரத்தில் தட்டை நகர்த்தி வைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, ஆசிரியர் அந்த மாணவி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதே பாதிப் பதில்.

"போன ஜென்மத்துப் பாவமா?"
வீட்டில் கேட்டதைத்தான் குழந்தை இங்கே கேட்கிறது. வீட்டாரைத் திட்டாமல், தெரிந்த உதாரணத்தை எடுக்கலாம். ஒரு காலத்தில் நம் ஊர்களில் போலியோவால் கால் பாதித்த குழந்தைகள் நிறைய இருந்தார்கள். சொட்டு மருந்து வந்தது. இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று இந்தியாவுக்குக் கிடைத்தது. "பாவத்தால் வந்திருந்தால், இரண்டு சொட்டு மருந்தில் எப்படிப் போயிருக்கும்?" என்று கேட்டால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். சில குறைபாடுகளுக்குக் கிருமி காரணம், சிலவற்றுக்கு மரபணு, சிலவற்றுக்கு விபத்து, சிலவற்றுக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. காரணம் சொல்கிறேன் என்று அந்தப் பிள்ளையின் பெற்றோரைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது.

"அவனுக்கு மட்டும் ஏன் கூடுதல் நேரம்?"
நியாயம் பற்றிய கேள்வி இது. அதட்டி அடக்கக் கூடாது. பொதுத்தேர்வில் தகுதியுள்ள மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. "உனக்குக் கண்ணாடி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு கரும்பலகையைப் பார்ப்பது காப்பி அடிப்பதா? கண்ணாடி உனக்கு எப்படியோ, கூடுதல் நேரம் அவனுக்கு அப்படி. கேள்வித்தாள் இருவருக்கும் ஒன்றுதான்" என்று விளக்கலாம்.

"அவன் ஏன் திடீர்னு கத்துறான்?"
ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்குச் சத்தம், வெளிச்சம், கூட்டம் ஆகியவை நம்மைவிடப் பல மடங்கு அதிகமாகத் தெரியும். "உன் காதுக்குப் பக்கத்தில் பட்டாசு வெடித்தால் நீ என்ன செய்வாய்? அவனுக்கு ஸ்கூல் பெல் அப்படிக் கேட்கலாம். அவன் கோபத்தில் கத்தவில்லை. நாம் கொஞ்சம் அமைதியாக இருந்தால் அவனுக்கு உதவியாக இருக்கும்." அடுத்த முறை பெல் அடிக்கும்போது யாராவது ஒரு பிள்ளை தானாகவே கதவைச் சாத்தக்கூடும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால்? "எனக்கும் தெரியவில்லை. விசாரித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் மறக்காமல் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு முன் ஒரு சம்மதம்

மேலே உள்ள பதில்களைப் படித்ததும் ஒரு சந்தேகம் வரலாம். அந்தப் பிள்ளையின் நிலையை வகுப்பில் சொல்ல ஆசிரியருக்கு யார் உரிமை கொடுத்தது?

சரியான சந்தேகம். வெளியில் தெரியும் விஷயத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுவது வேறு. ஒரு குழந்தையின் நோயின் பெயர், மருந்து, சான்றிதழில் உள்ள சதவிகிதம் ஆகியவற்றைச் சொல்வது வேறு. வலிப்பு, கற்றல் குறைபாடு, மனநலம் சார்ந்த சிக்கல் போன்றவற்றை வெளியே சொல்ல வேண்டாம் என்று குடும்பம் நினைக்கலாம். அதை மீற ஆசிரியருக்கு உரிமை இல்லை.

எனவே, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பெற்றோரையும், புரிந்துகொள்ளும் வயதென்றால் அந்தப் பிள்ளையையும் தனியாக அழைத்துப் பேச வேண்டும். "மற்ற பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும்? எதைச் சொல்லக் கூடாது? நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?" என்ற மூன்று கேள்விகள் போதும். சில பிள்ளைகள் தாங்களே எழுந்து, காதுகேள் கருவியைக் கழற்றிக் காட்டிப் பெருமையாக விளக்குவார்கள். சில பிள்ளைகள், "எதுவும் சொல்லாதீங்க மிஸ்" என்பார்கள். இரண்டையும் மதிக்க வேண்டும்.

அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, 'இவனைப் பாருங்கள்' என்று பாடம் நடத்துவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

நல்லெண்ணத்தில் நடக்கும் தவறுகள்

கண்ணைக் கட்டி நடக்க வைப்பது: விழிப்புணர்வு நிகழ்ச்சிகளில் மாணவர்களின் கண்ணைக் கட்டி நடக்கச் சொல்வது வழக்கம். பார்வையற்றவரின் கஷ்டம் புரியட்டும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால், 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வேறு ஒன்றைச் சொன்னது. கண்ணைக் கட்டி நடந்து பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் தனியாக வேலை செய்யவும் வாழவும் முடியாது என்று முன்பைவிட அதிகமாக நினைக்கத் தொடங்கினார்கள். காரணம் எளிது. கண்ணைக் கட்டிய முதல் ஐந்து நிமிடத்தில் கிடைப்பது தடுமாற்றம் மட்டும்தான். வெள்ளைக் கோலோடும் பிரெய்லோடும் பல ஆண்டுகள் பழகியவரின் திறமை அதில் தெரியாது. அந்த நேரத்தில் ஒரு பார்வை மாற்றுத்திறனாளியை அழைத்து, செல்போனில் திரைவாசிப்பான் மூலம் அவர் எப்படி மெசேஜ் அனுப்புகிறார் என்று காட்டச் சொல்லலாம். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

சாதனையாளர் கதை மட்டும் சொல்வது: சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, உயரம் தாண்டுதலில் 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் வென்றவர். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன், பாரிஸில் பேட்மின்டனில் வெள்ளி வென்றவர். முழுமையாகப் பார்வையற்ற பெனோ செஃபைன், 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர். இந்தக் கதைகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால், 'அவங்களே சாதிக்கும்போது உனக்கென்ன?' என்று மற்ற மாணவர்களைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லக் கூடாது. சாதித்தால்தான் மரியாதை என்ற எண்ணத்தையும் விதைத்துவிடக் கூடாது. நடுத்தர மார்க் வாங்கி, மேட்ச் பார்த்து, வீட்டுப்பாடம் மறந்து திட்டு வாங்கும் மாற்றுத்திறன் மாணவனுக்கும் அதே மரியாதை உண்டு.

'நீதான் இவனைப் பாத்துக்கணும்': ஒரு பிள்ளையை நிரந்தர உதவியாளராக நியமிப்பது. சில வாரங்களில் உதவும் பிள்ளை களைத்துவிடும். உதவி பெறும் பிள்ளைக்கு நண்பன் கிடைக்காமல் காவலாள்தான் கிடைப்பான். உதவியை முறை வைத்து எல்லோரும் செய்யலாம். அதற்கும் முன்பு, "உனக்கு உதவி வேண்டுமா? எப்படி?" என்று கேட்கப் பழக்க வேண்டும். சக்கர நாற்காலியை அதில் அமர்ந்திருப்பவர் அனுமதி இல்லாமல் தள்ளக் கூடாது என்பதும், 'ஏறி ஒரு ரவுண்டு போறேன்' என்று கேட்கக் கூடாது என்பதும் இதில் சேரும்.

விளையாட்டு பீரியடில் ஸ்கோர் எழுத வைப்பது: வகுப்பில் எவ்வளவு அழகாகப் பேசினாலும், பி.டி. பீரியடில் அந்தப் பிள்ளை மட்டும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தால், மாணவர்கள் நம்புவது மரத்தடியைத்தான். எல்லோரும் ஆடும்படி விதியை மாற்றச் சொல்லிப் பிள்ளைகளிடமே விட்டால், பெரியவர்களுக்குத் தோன்றாத வழியெல்லாம் கண்டுபிடிப்பார்கள்.

ஆசிரியர்களைத் தயார்ப்படுத்துவது எப்படி?

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. குறுவள மையக் கூட்டங்களிலோ, தனியார் பள்ளிகளின் கோடை விடுமுறைப் பயிற்சிகளிலோ இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் தொடங்கிவிடலாம்.

முதல் அரை மணி நேரம், ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்பில் கேட்ட கேள்விகளைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். பதில் சொல்லத் தயங்கிய கேள்வியை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதே நிபந்தனை. அடுத்த ஒரு மணி நேரம், இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் மாணவராகக் கேட்க, மற்றவர் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். மனதுக்குள் சரியாகத் தோன்றும் வாக்கியம், வாய்விட்டுச் சொல்லும்போது உறுத்துவது அப்போதுதான் தெரியும். கடைசி அரை மணி நேரம், பள்ளிக்கென ஒரு சொல் பட்டியல். எந்தச் சொல்லைப் பயன்படுத்துவோம், எதை விடுவோம், மாணவர் யாராவது பட்டப்பெயர் சொன்னால் எல்லா ஆசிரியர்களும் ஒரே மாதிரி என்ன செய்வோம் என்று முடிவெடுப்பது.

இந்தப் பயிற்சியை நடத்தத் தகுதியானவர்கள் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவிகித இடஒதுக்கீடு உண்டு. அப்படி வந்த ஆசிரியர்கள் பலர் அரசுப் பள்ளிகளில் பணியாற்றுகிறார்கள். சிறுவயதில் தங்கள் வகுப்பில் என்ன சொல்லப்பட்டது, எது வலித்தது, எது தாங்கியது என்று சொல்ல அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. அவர்களுக்கு விருப்பம் இருக்கிறதா என்று கேட்டு, கூடுதல் வேலையாக அல்லாமல் பணி நேரமாகவே அதைக் கணக்கிட்டு அழைக்க வேண்டும்.

வெளியிலும் உதவி உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 1985 முதல் இயங்கும் வித்யாசாகர், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் ஆகியவற்றுக்கு இந்தத் துறையில் நீண்ட அனுபவம் உண்டு. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை, குழந்தையைப் பார்ப்பதற்கு மட்டுமன்றி, ஆசிரியர் அறையில் ஒரு மணி நேரம் பேசுவதற்கும் அழைக்கலாம்.

வீட்டுக்கும் ஒரு பங்கு

'அவன் பக்கத்துல உட்காராதே', 'உன் படிப்பு கெட்டுடும்' என்று வீட்டில் சொல்லி அனுப்பினால், ஆசிரியரின் பதில் மாலை 4 மணிக்குக் கரைந்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும், பெற்றோர் சந்திப்பிலும் இதைப் பேச வேண்டும். பேருந்தில், கோயில் வாசலில், கல்யாண மண்டபத்தில் ஒரு மாற்றுத்திறனாளியைப் பார்த்து உங்கள் குழந்தை சத்தமாகக் கேள்வி கேட்டால், வாயைப் பொத்தாதீர்கள். "அவர் காது கேட்காதவர்களோடு கையால் பேசுகிறார். அது ஒரு மொழி" என்று அங்கேயே இயல்பாகச் சொல்லுங்கள்.

புதிய கல்வியாண்டு தொடங்கும்போது வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு, கால அட்டவணை என்று ஆசிரியர்களின் மேசையில் வேலை குவிந்திருக்கும். அதோடு ஒரு வெள்ளைத்தாளையும் எடுத்து, 'அவன் ஏன் அப்படி?' என்ற கேள்விக்குத் தங்கள் பதிலை நான்கு வரியில் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது. அந்தக் கேள்வி எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது, ஒட்டுமொத்த வகுப்பும் ஆசிரியரின் முகத்தைத்தான் பார்க்கும். கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையும்தான்.